பொலிஸார் மறித்தும் நிற்காவிட்டால் சுடலாமா?

கேள்வி:
ஒரு தந்தையாகக் கேட்கிறேன். இரவு வகுப்பு முடிந்து மோட்டார் சைக்கிளில் வரும் மகனிடம், பொலிஸார் மறித்தால் உடனே நில் என்று சொல்லியே அனுப்புகிறேன். ஆனாலும் அவன் படலையைத் திறக்கும் வரை எனக்கு நித்திரை வருவதில்லை. நிற்காத ஒருவரைச் சுட அவர்களுக்கு அதிகாரம் உண்டா?

பதில் 1:
நிற்காமல் போனது மட்டும் காரணமாகாது. பொலிஸார் துப்பாக்கியைப் பயன்படுத்துவது பற்றி 1990 இல் ஐ.நா. வகுத்த அடிப்படைக் கோட்பாடுகளின்படி, உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கொல்லும் நோக்கில் சுடலாம்.

பதில் 2:
சூட்டைவிட, அதற்குப் பின் சொல்லப்படும் பொய்யே நம்பிக்கையை அதிகம் அரிக்கிறது என்பது என் எண்ணம். 2016 ஒக்ரோபர் 20 இரவு யாழ்ப்பாணம் குளப்பிட்டிச் சந்தியருகே பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தபோது முதலில் அது விபத்து என்றே கூறப்பட்டது. துப்பாக்கிக் காயம் வெளிப்பட்ட பின்னரே பொலிஸார் ஐவர் கைதாகினர். அந்தச் சந்தியைக் கடக்கும்போது இன்றும் என் மனம் கனக்கிறது.

பதில் 3:
ஐயா, ஒன்றைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் அடிப்படை உரிமை மீறல் மனுவை, மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். ஆயினும் அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையிலிருக்கும் காலம், அந்த ஆணைக்குழுவை அமைத்த 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலும் பிராந்திய அலுவலகம் உண்டு.