பிரஷர் பதிவேட்டு மென்பொருள் காட்டும் வீதம் எங்கள் கணக்கோடு ஒத்துவரவில்லை. காலாண்டுக் கொடுப்பனவு இதில்தான் தங்கியிருக்கிறது

டிக்கோயா_பதிவாளர்:

வணக்கம். இலங்கை மலையகத்தில் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கம் மூன்று தேயிலைத் தோட்ட மருந்தகங்களிலும் ஒரு நடமாடும் கிளினிக்கிலும் பிரஷர், சீனி நோயாளிகளைப் பதிகிறோம். கொப்பியை விட்டு நோயாளிகளை ஆள்வாரியாகப் பதியும் டி.எச்.ஐ.எஸ்.2 டிரெக்கர் மென்பொருளுக்கு மாறியாயிற்று. நிதி தரும் அமைப்பு காலாண்டுக்கு ஒருமுறை பணம் அனுப்பும். பிரஷர் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் 50 வீதத்தை எட்டினால் மட்டுமே அதில் ஒரு பகுதி வரும். நடமாடும் கிளினிக்கின் வேன் செலவு அந்தப் பகுதியில்தான் ஓடுகிறது.

பதிவில் 600 பேர். இந்தக் காலாண்டில் 400 பேர் வந்தார்கள், அவர்களில் 260 பேருக்குக் கடைசி அளவு 140/90க்குக் கீழே. நாங்கள் 65 வீதம் என்கிறோம், மென்பொருள் 43 என்கிறது. வேறொரு அறிக்கையை எடுத்தால் "கட்டுப்பாட்டில் உள்ளவர்கள்" 700ஐத் தாண்டுகிறது, பதிவில் இருக்கும் ஆட்களைவிட அதிகம்! ஒப்பந்தத்தில் உள்ள வரி: காலாண்டு தொடங்குமுன் பதியப்பட்ட நோயாளிகளில், அந்தக் காலாண்டின் கடைசி வருகையில் 140/90க்குக் குறைவாக உள்ளவர்கள். எதைத் திருத்த வேண்டும்?

பண்டாரவளை_தரவு:

ஒப்பந்த வரியின்படி 65 செல்லாது. நீங்கள் வந்தவர்களால் வகுத்திருக்கிறீர்கள், அவர்கள் கேட்பது பதிவில் உள்ளவர்களால் வகுத்த வீதம். வராதவர் கட்டுப்பாட்டில் இல்லாதவராகவே எண்ணப்படுவார். அமெரிக்காவில் மெடிகேர் (முதியோருக்கான அரச காப்புறுதி) கொடுப்பனவுக்கான மிப்ஸ் திட்டத்தில் 236ஆம் இலக்க அளவீடும் இப்படித்தான்: 18 முதல் 85 வயது வரை, ஆண்டின் கடைசி அளவு, அளவே பதியப்படாவிட்டால் தோல்வி. பிரஷர் நோயாளிகளைப் பதியும் சிம்பிள் செயலியின் கணக்கும் இதே போக்கு. பதிந்து மூன்று மாதமாகாதவர் கீழெண்ணில் (வகுக்கும் எண்ணில்) வரமாட்டார், மூன்று மாதமாக வராதவர் கீழெண்ணில் இருப்பார், மேலெண்ணில் (கட்டுப்பாட்டில் உள்ளவர்களின் எண்ணில்) இருக்கமாட்டார்.

ஆனால் 43உம் முடிந்த கணக்கு இல்லை. 600 பேரில் இந்தக் காலாண்டிலேயே பதிந்தவர்கள் 60 பேர் என்று வையுங்கள். அவர்களில் கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் 20 பேர் என்றால் இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும்: 240/540, அதாவது 44. இறந்தவர்களும் வேறு ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் மாற்றப்பட்டவர்களும் 25 பேர் என்றால் 240/515, 46.6. ஒரே ஆள் இரண்டு முறை பதியப்பட்டு, இரண்டாவது பதிவு வருகையே இல்லாமல் வெறுமையாகக் கிடப்பவை 20 என்றால் 240/495, 48.5. இந்த எண்களுக்குப் பதிலாக உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். 495 பேரில் 50 வீதத்துக்கு 248 பேர் வேண்டும், ஆக எட்டுப் பேர் குறைகிறார்கள். 65க்கும் 43க்கும் நடுவில் நின்று வாதாடுவதைவிட அந்த எட்டுப் பேர் யார் என்று தேடுவது பயனுள்ள வேலை.

நானுஓயா_டிரெக்கர்:

700 எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன். அந்த அறிக்கையின் புரோகிராம் இண்டிகேட்டர் (எண்ணைக் கணக்கிடும் விதி) "இவென்ட்" வகையில் இருக்கும். அது வருகைகளை எண்ணும், ஆட்களை அல்ல. மாதா மாதம் மருந்துக்கு வரும் ஒருவர் காலாண்டில் மூன்று முறை விழுவார். வகையை "என்ரோல்மென்ட்" ஆக்கினால் ஒரு பதிவுக்கு ஒருமுறைதான் எண்ணும், வருகைகளில் கடைசியாகப் பதிந்த அளவையே எடுக்கும்.

அதோடு கால எல்லையையும் கையால் வைக்க வேண்டும். பதிவுத் திகதி காலாண்டுத் தொடக்கத்துக்கு முன், வருகைத் திகதி தொடக்கத்துக்குப் பின், முடிவுக்கு முன். வருகைக்கு எல்லை வைக்காவிட்டால் போன வருடத்து அளவுகூட "கடைசி அளவு" ஆகிவிடும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது வெறுமையான கட்டம். அளவு பதியாமல் மருந்து மட்டும் கொடுத்து அனுப்பிய வருகையில் பிரஷர் கட்டம் காலியாக இருக்கும். இண்டிகேட்டர் அதைப் பூச்சியமாக எடுத்துக்கொள்ளும், பூச்சியம் 140ஐவிடக் குறைவுதானே, நோயாளி கட்டுப்பாட்டில் உள்ளவராகிவிடுவார். ஃபில்டரில் மேல் அளவு, கீழ் அளவு இரண்டுக்கும் "பெறுமதி உண்டா" என்ற ஹேஸ்வெல்யூ நிபந்தனையைச் சேருங்கள். கீழ் அளவு 90க்குக் குறைவு என்பதையும் விட்டுவிடாதீர்கள், 132/96 கட்டுப்பாடு இல்லை.

திருத்திய உடனே எண் மாறவில்லை என்று பயப்பட வேண்டாம். அனலிட்டிக்ஸ் அட்டவணைகள் (அறிக்கைகள் எண்களை எடுக்கும் இடம்) மறுபடி ஓடினால்தான் அறிக்கையில் தெரியும், பொதுவாக இரவில் ஓடும்படி வைத்திருப்பார்கள். அறிக்கை எடுக்குமுன் எல்லா டெப்களும் (பதிவு செய்யும் டெப்லட்கள்) சேர்வரோடு சிங்க் ஆகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். மேல் டிவிஷன்களில் (தோட்டப் பிரிவுகளில்) சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்தவை டெப்பிலேயே கிடக்கும். கடைசியில் பத்துப் பேரின் கிளினிக் கொப்பியை எடுத்து, இண்டிகேட்டர் சொல்வதோடு கையால் ஒப்பிடுங்கள். இவ்வளவையும் செய்த பிறகுதான் அந்த எண்ணை நம்பலாம்.

பதுளை_பதிவேடு:

இரட்டைப் பதிவைப் பற்றி. நம்முடைய பதிவேடுகளில் பெயரை வைத்துத் தேடிப் பயனில்லை. ஒருவரே ஒரு இடத்தில் "ஆர். செல்வராணி", இன்னொரு இடத்தில் "ராமசாமி செல்வராணி", சிங்களத்தில் எழுதியதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது வேறொரு எழுத்துக்கூட்டல். 11 இலக்கத் தனிநபர் சுகாதார எண் இருந்தால் அதுவே முதல் சாவி. இல்லாவிட்டால் அடையாள அட்டை.

அடையாள அட்டையில் பழையதும் புதியதும் இருப்பதால் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். எல்லாவற்றையும் 12 இலக்கத்துக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள்: முன்னால் 19, பழைய எண்ணின் முதல் ஐந்து இலக்கம், ஒரு பூச்சியம், மீதி நான்கு இலக்கம், கடைசி எழுத்து வேண்டாம். 655124567வி என்பது 196551204567 ஆகும். நடுவில் உள்ள 512 பிறந்த நாளின் வரிசை எண், பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும். ஆகவே 12ஆவது நாள், ஜனவரி 12. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு, அதனால் சாதாரண வருடத்தில் மார்ச் 1 முதல் பிறந்தவர்களுக்கு ஒரு நாளைக் கழிக்க வேண்டும். இதை வைத்து, தவறான ஆளின் அட்டை எண் ஏறியிருந்தாலும் பிடித்துவிடலாம். பதிவில் ஆண் என்றிருக்கும், எண்ணில் 500க்கு மேல் நிற்கும்.

அட்டை இல்லாத வயதானவர்களுக்குத் தோட்டம், டிவிஷன், லய (வரிசை வீட்டு) எண், தகப்பன் பெயர் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். செக்ரோல் (தோட்டச் சம்பளப் பட்டியல்) இலக்கத்தை மட்டும் சாவியாக வைக்க வேண்டாம், ஓய்வு பெற்றதும் அது பயன்படாது. இரட்டைகளை அழிக்காமல் ஒன்றாக்குங்கள். அழித்தால் பழைய வருகைகளும் சேர்ந்து போய்விடும்.

டிக்கோயா_பதிவாளர்:

மிக்க நன்றி, வெறுமைக் கட்டம் எங்களிடமும் இருக்கிறது. இன்னொரு கேள்வி. கொழும்புக்கு வேலைக்குப் போனவர்கள் நிறைய. ஆறு மாதமாக வராதவர்களைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டால் வீதம் 50ஐத் தாண்டும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. செய்யலாமா? சீனிக்கு அடுத்த வருடம் எச்.பி.ஏ.1.சி. (சில மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவீடும் வருகிறது.

பண்டாரவளை_தரவு:

ஆறு மாதத்தில் எடுக்காதீர்கள். உலக சுகாதார அமைப்பின் ஹார்ட்ஸ் (இதய நோய்த் தடுப்பு) வழிகாட்டலில் 12 மாதம் ஒரு வருகையும் இல்லாதவர்தான் தொடர்பு அறுந்தவர். அவர்களையும் தனி எண்ணாக அறிக்கையில் காட்ட வேண்டும். பிரித்தானியாவில் 2004இல் தொடங்கிய கியூ.ஓ.எஃப். (குடும்ப டாக்டர்களுக்குத் தரத்தைப் பார்த்துத் தரும்) கொடுப்பனவிலும் விலக்கு ஒவ்வொன்றுக்கும் காரணக் குறியீடு கேட்கிறார்கள். நீங்களும் "இறப்பு", "எழுத்தில் மாற்றம்", "நிரந்தரமாக இடம் மாறினார்" என்று மூன்று காரணங்களும், திகதியும், யார் உறுதிப்படுத்தினார் என்பதும் வையுங்கள். கொழும்பில் வேலை என்பது இடம்மாற்றம் இல்லை. அந்த ஆள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வருவார், மருந்து இல்லாமல் பக்கவாதத்தோடும் வரக்கூடும். அவரைப் பதிவிலிருந்து எடுத்தால் தேடுவதற்கு யாருக்கும் காரணம் இருக்காது. பதிவேடு வைத்திருப்பதே அவரைத் தேடத்தான்.

அளவு எடுப்பதையும் கவனியுங்கள். இலக்கு நெருங்கும்போது 138/88 என்ற எண் அளவுக்கு மீறிப் பெருகும். மின்னணுக் கருவி என்றால் கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 வீதம் வர வேண்டும். ஒரு மருந்தகத்தில் மட்டும் 0உம் 8உம் குவிந்தால் கருவி காட்டியதை அப்படியே எழுதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். அதே நாளில் இரண்டு முறை எடுத்தால் எதைப் பதிவது என்று நிதி தருபவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். மிப்ஸ் குறைந்ததை எடுக்கும், வேறு இடங்களில் சராசரி.

எச்.பி.ஏ.1.சி.யில் திசையைப் பாருங்கள். அமெரிக்க அளவீட்டில் 9க்கு மேல் உள்ளவர்களை எண்ணுவதால் குறைந்த வீதமே நல்லது, பரிசோதனை செய்யாதவரும் அந்தக் கெட்ட பக்கத்தில் சேருவார். இரசாயனம் தீர்ந்து ஒரு காலாண்டு சோதனை நின்றால் உங்கள் எண் மோசமாகிவிடும். வெறும் வயிற்றுச் சீனி 126க்குக் கீழ் என்பதையும் ஏற்பார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

நானுஓயா_டிரெக்கர்:

அந்த எட்டுப் பேருக்கு: காலாண்டின் எட்டாவது வாரத்தில் இரண்டு பட்டியல் எடுங்கள். ஒன்று, இன்னும் வராதவர்கள். இரண்டு, வந்தும் 140/90க்கு மேல் இருந்து மருந்து மாற்றப்படாதவர்கள். இரண்டாவது பட்டியலை டாக்டரிடம் நேரே கொடுங்கள், வீதம் ஏறுவது பெரும்பாலும் அதில்தான். முதல் பட்டியலை டிவிஷன் வாரியாகப் பிரித்து குடும்ப நல உத்தியோகத்தரிடமும் தோட்ட ஈ.எம்.ஏ.யிடமும் (தோட்ட மருத்துவ உதவியாளர்) கொடுக்கலாம். கிளினிக் காலை நேரத்தில் இருந்தால் கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) வெட்டுப்படும், அதனால் வரமாட்டார்கள். மாலை மூன்று மணிக்குப் பிறகு, சம்பள வாரம் இல்லாத வாரத்தில், நடமாடும் கிளினிக்கை அந்த டிவிஷனுக்கு அனுப்பிப் பாருங்கள். இரண்டு மாத மருந்து கொடுத்து அனுப்பியவர்களின் அடுத்த திகதி காலாண்டு எல்லையைத் தாண்டி விழுகிறதா என்றும் பாருங்கள். அவர்கள் தவறாமல் வருபவர்கள், திகதியை ஒரு வாரம் முன்னால் போட்டாலே போதும்.