ரேடார் டிடெக்டர்: எதை வாங்குவது, காரில் எப்படி மாட்டுவது?

எடிசன்வாசி:

நியூ ஜெர்சியிலிருந்து வட கரோலினா சார்லட்டுக்கு அடிக்கடி காரில் போய்வர வேண்டியிருக்கிறது. இன்டர்ஸ்டேட் 95 ஹைவே பிடித்து, வர்ஜீனியா பீட்டர்ஸ்பர்க்கில் 85க்கு மாறும் வழி. வண்டி 2021 கேம்ரி. போலீஸ் வேகம் அளக்க விடும் ரேடார் அலையைப் பிடித்து முன்கூட்டியே எச்சரிக்கும் ரேடார் டிடெக்டர் ஒன்று வாங்கலாம் என்று பார்க்கிறேன், 500 டாலருக்குள். ஆன்லைனில் தேடினால் மலிவுச் சரக்கிலிருந்து எட்டாத விலை வரைக்கும் கிடக்கிறது. எல்லாப் பெட்டியிலும் "360 டிகிரி" என்று போட்டிருக்கிறான்.

எதை வாங்குவது? சிகரெட் லைட்டரிலிருந்து வயர் தொங்காமல் ஃப்யூஸ் பாக்ஸிலிருந்து நானே கரண்ட் எடுக்க முடியுமா, கடையில் கொடுத்துவிடுவதா? வர்ஜீனியாவில் தடை என்கிறார்களே, அங்கே ஆஃப் செய்துவிட்டால் போதாதா?

மைல்கல்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், வம்பு இருப்பது அதில்தான்.

ஆஃப் செய்தால் போதாது. வர்ஜீனியா சட்டப்படி டிடெக்டர் ஓடிக்கொண்டிருந்தது என்று போலீஸ் நிரூபிக்கத் தேவையே இல்லை. தப்பிக்க இரண்டு நிபந்தனை, இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும்: கருவிக்கு மின் இணைப்பு இருக்கக்கூடாது, ஓட்டுபவரோ கூட வருபவரோ எட்டி எடுக்கிற இடத்தில் இருக்கக்கூடாது. அதாவது கழற்றி ட்ரங்கில் போட வேண்டும். கிளவ் பாக்ஸ் கணக்கில் வராது. வாஷிங்டன் டிசியிலும் தடை. வாஷிங்டனைச் சுற்றும் பெல்ட்வே சாலையில் உட்ரோ வில்சன் பாலத்தில் போகிறீர்கள் என்றால் பாலத்தின் நடுவே ஒரு சின்னத் துண்டு டிசி எல்லைக்குள் வருகிறது, அதைத் தாண்டினால் வர்ஜீனியா. அதனால் எல்லை வரட்டும் என்று காத்திருக்காமல் 95இல் உள்ள மேரிலாந்து ஹவுஸ் ஓய்விடத்தில் காபிக்கு நிறுத்தும்போதே கழற்றிவிடுங்கள். திரும்ப மாட்டுவதை 85இல் வட கரோலினா வெல்கம் சென்டரில் வைத்துக்கொள்ளலாம்.

உங்களிடம் டிடெக்டர் இருப்பதைக் கண்டுபிடிக்கப் போலீஸிடமும் கருவி உண்டு. ஸ்பெக்டர் என்பார்கள். டிடெக்டருக்குள் இருக்கும் ஆஸிலேட்டர் கொஞ்சம் அலையை வெளியே கசியவிடும், அதைத்தான் அது மோப்பம் பிடிக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம், வர்ஜீனியாவில் வேக எல்லையை விட 20 மைல் கூடுதலாகவோ, எல்லை எதுவானாலும் 85 மைலைத் தாண்டியோ போனால் அது சாதாரண டிக்கெட் இல்லை, ரெக்லெஸ் டிரைவிங் (பொறுப்பில்லாமல் ஓட்டிய குற்றம்). கிளாஸ் 1 மிஸ்டிமீனர், கிரிமினல் வழக்கு. 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. 70 போட்ட ரோட்டில் 86 போனாலே இதில் விழுவீர்கள். 2020 ஜூலைக்கு முன் இந்த வரம்பு 80ஆக இருந்தது, இப்போதுதான் 85. விசாவில் இருப்பவர்கள், கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்பவர்கள் இதை டிக்கெட் என்று நினைத்து ஆன்லைனில் பணம் கட்டி முடிக்கப் பார்க்காதீர்கள், வக்கீலிடம் போங்கள். வர்ஜீனியாவுக்குள் க்ரூஸ் கன்ட்ரோல்தான் உங்கள் டிடெக்டர்.

மற்றபடி அமெரிக்காவில் சொந்தக் காரில் வைத்துக்கொள்ளப் பெரும்பாலும் தடையில்லை. வணிக லாரி, பஸ்களுக்கு ஃபெடரல் விதிப்படி எங்குமே கூடாது. ராணுவத் தளங்களுக்குள்ளும் கூடாது. போலீஸ் ரேடாரையே குழப்பும் ரேடார் ஜாமர் என்று விற்பதைத் தொடவே தொடாதீர்கள், அது நாடு முழுக்கச் சட்டவிரோதம்.

கேஏ_பேண்ட்:

மாடலுக்கு வருவோம். முதலில் 360 டிகிரி சமாச்சாரம். மலிவுக் கருவிகளில் அது லேசர் சென்சாரை மட்டும் குறிக்கிறது. ரேடாருக்கு முன்னும் பின்னும் தனித்தனி ஆன்டெனா இருந்து, அலை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று அம்புக்குறி காட்டினால்தான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம். வேலன்டைன் ஒன் ஜென்2, யூனிடென் ஆர்8, எஸ்கார்ட் மேக்ஸ் 360சி எல்லாம் அந்த வகை. யூனிடென் ஆர்4இல் அம்பு இல்லை, ஆனால் எட்டும் தூரத்தில் குறை சொல்ல முடியாது, ஜிபிஎஸ் உள்ளேயே இருக்கிறது. உங்கள் பட்ஜெட்டுக்கு ஆர்4 என்பேன். வேலன்டைன் நல்ல கருவி, ஆனால் அதற்குள் ஜிபிஎஸ் கிடையாது, ஃபோன் ஆப்பை ஓடவிட்டால்தான் பொய் அலாரங்களை இடம் பார்த்து அடக்கும். தினம் ஃபோனை இணைக்கப் பொறுமை இருந்தால் அதையும் பார்க்கலாம்.

ஏன் தூரம் முக்கியம்? வேகம் அளக்கும் ரேடார் கன்னைச் சும்மா ஓடவிட்டுக்கொண்டு நிற்கும் போலீஸ்காரரை எந்தக் கருவியும் காட்டும். பிரச்சினை இன்ஸ்டன்ட் ஆன். கன் அணைந்தே இருக்கும், கார் பக்கத்தில் வந்ததும் ஒரு விநாடி தட்டுவார். உங்களைத் தட்டும்போது உங்கள் டிடெக்டர் கத்திப் பயனில்லை, வேகம் பதிவாகிவிட்டது. உங்களுக்கு அரை மைல் முன்னால் போகிறவரைத் தட்டும்போது சிதறி வரும் அலையைப் பிடிக்கிறதா என்பதுதான் நல்ல கருவிக்கும் மலிவுக் கருவிக்கும் உள்ள வித்தியாசம். ஆளில்லாத ரோட்டில் கேஏ (போலீஸ் ரேடாரின் அலைவரிசைகளில் ஒன்று) ஒரு தடவை "டிக்" என்று அடித்து அடங்கினால் அதைப் பொய் என்று விட்டுவிடாதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்க வேண்டிய அலாரம் அதுதான்.

பேண்ட் (அலைவரிசை) விவரம்: எக்ஸ் 10.5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம், கே 24.05 முதல் 24.25 வரை, கேஏ 33.4 முதல் 36 வரை. கேஏவில் போலீஸ் கன்கள் பெரும்பாலும் 33.8, 34.7, 35.5 என்ற மூன்று இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். திரையில் அதிர்வெண்ணைக் காட்டும் மாடலாக வாங்குங்கள். 34.7 என்று வந்தால் பிரேக், வேறு ஏதோ எண் வந்தால் கொஞ்சம் நிதானம். கேயில்தான் தலைவலி. பக்கத்தில் வரும் வண்டியைக் காட்டிக்கொடுக்கும் பிளைண்ட் ஸ்பாட் சென்சாரும் பல கார்களில் 24லேயே அலை விடுகிறது, கடைகளின் தானியங்கிக் கதவும் அங்கேயே. இந்தப் பொய் அலாரங்களை வடிகட்டும் கே ஃபில்டர் இல்லாத கருவியை ஓக் ட்ரீ ரோடு மாதிரிக் கடைத்தெருவில் பத்து நிமிஷம் வைத்திருக்க முடியாது.

போலீஸ் ரேடாருக்குப் பதில் லேசர் கன்னால் அளந்தால், அதற்கு எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 904 நானோமீட்டர் கற்றை, 1,000 அடி தூரத்தில் சுமார் 3 அடி அகலம்தான் விரியும். குறி உங்கள் நம்பர் பிளேட்டில். அலாரம் அடித்தால் மாட்டிக்கொண்டீர்கள் என்று செய்தி, அவ்வளவுதான்.

இன்னொன்று: அலை விடாமல் வேகம் அளப்பதும் உண்டு. பென்சில்வேனியாவில் உள்ளூர் போலீஸுக்கு ரேடார் அனுமதி நெடுங்காலமாகவே கிடையாது, மாநிலப் போலீஸுக்கு மட்டும்தான். அங்கே ஊர்ப் போலீஸ் இரண்டு குறிக்கிடையே நேரம் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். பின்னாலேயே வந்து வேகம் பார்ப்பதற்கும் டிடெக்டர் ஒன்றும் செய்யாது. போலீஸ் நிற்கும் இடத்தை ஓட்டுபவர்களே சொல்லும் வேஸ் ஆப்பும் சேர்ந்து ஓடட்டும்.

ஸ்காபரோ_தம்பி:

இஞ்சாலை ரொறன்ரோவுக்குச் சொந்தக்காரரைப் பார்க்க வாற ஆக்களுக்கும் சேர்த்துச் சொல்லிறன். ஒன்ராறியோ வர்ஜீனியாவை விடக் கடுமை. ட்ரங்குக்குள்ள கழட்டி வச்சிருந்தாலும் குற்றம்தான், காரில அது இருந்தாலே காணும். பொலிஸ் வாரன்ட் இல்லாமல் மறிச்சுத் தேடலாம், பறிச்சால் சாமான் திரும்ப வராது. தண்டம் 100 டொலரில இருந்து 1,000 மட்டும். கியூபெக்கிலயும் தடை. பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேட்டா, சஸ்கச்சுவான் மூண்டிலயும் வச்சிருக்கலாம். பஃபலோ பக்கத்தால பாலம் கடக்கிற எண்ணம் இருந்தால் வீட்டிலயே விட்டிட்டு வாங்கோ.

பன்னிரண்டு_வோல்ட்:

மாட்டுவது பற்றி. கடைக்குத் தேவையில்லை, மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தால் ஒரு மணி நேர வேலை.

வாங்க வேண்டியது: உங்கள் டிடெக்டர் கம்பெனியின் ஹார்ட்வயர் கிட் (வண்டி மின்சாரத்தில் நேரே இணைக்கும் வயர்), ஒரு ஃப்யூஸ் டேப் (இருக்கும் ஃப்யூஸ் இடத்திலேயே இன்னொரு ஃப்யூஸோடு கரண்ட் எடுக்க உதவுவது), 2 ஆம்பியர் ஃப்யூஸ், ரிங் டெர்மினல், உறைகளை நெம்பிக் கழற்றும் பிளாஸ்டிக் ட்ரிம் கருவி, சின்ன ஜிப் டை. டாஷ்கேமுக்கு விற்கும் ஹார்ட்வயர் கிட்டை வாங்கிவிடாதீர்கள், அது 5 வோல்ட் தரும், டிடெக்டருக்கு 12 வேண்டும். வயர் முனையில் டெலிஃபோன் பிளக் மாதிரி இருக்கிறதே என்று வீட்டு ஃபோன் வயரை வெட்டி ஒட்டுவதும் வேண்டாம். அதில் ஒரு முனைக்கு மறு முனை இடம் மாறியிருக்கும், பிளஸ்ஸும் மைனஸும் தலைகீழாகும்.

இடம். கருவி ரோட்டைத் தடையில்லாமல் பார்க்க வேண்டும், மட்டமாக இருக்க வேண்டும், உங்கள் கண்ணை மறைக்கக் கூடாது. மிரருக்குப் பக்கத்தில் மேலே வைப்பது நல்லது: முன்னால் கார் நின்றாலும் அதன் கூரைக்கு மேலாகப் பார்க்கும். ஓரத்துக் கறுப்புப் புள்ளிகள் மேல் சக்ஷன் கப் பிடிக்காது. கண்ணாடியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் கண்ணாடியில் எங்கே ஒட்டலாம் என்பதற்கே விதி உண்டு, அங்கே போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடியையும் சோதியுங்கள். உலோகப் பூச்சுள்ள வெப்பத்தடுப்புக் கண்ணாடியும், கண்ணாடி முழுக்கச் சூடாகும் வகையும் ரேடாரை விழுங்கிவிடும், எந்த விலைக் கருவியானாலும். உங்கள் காரின் கையேட்டில் டோல் கட்டும் ஈஸி பாஸ் டேக்கை இந்த இடத்தில்தான் ஒட்ட வேண்டும் என்று தனியாகக் குறித்திருந்தால் மற்ற இடமெல்லாம் பூச்சு என்று அர்த்தம், டிடெக்டருக்கும் அந்தத் துண்டுதான் கதி. சத்தத்தைக் குறைக்கும் அக்கூஸ்டிக் கண்ணாடியால் பிரச்சினை இல்லை. டின்ட் ஒட்டினால் செராமிக் ஒட்டுங்கள்; உலோக ஃபிலிம்தான் கூடாது.

வயர் ஓடும் பாதை: மிரரிலிருந்து கூரைத் துணியின் முன் விளிம்புக்குள் விரலால் தள்ளி, ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடி ஓரத்துத் தூண் வழியாகக் கீழே ஃப்யூஸ் பாக்ஸுக்கு. கேம்ரியில் உள்ளே இருக்கும் பாக்ஸ் ஓட்டுநர் பக்கம் டாஷ்போர்டுக்கு அடியில். இதில் ஒரே ஒரு ஆபத்தான இடம் அந்தத் தூண். அதற்குள் கர்ட்டன் ஏர்பேக் மடித்திருக்கும். வயர் ஏர்பேக்கின் முன்பக்கமாகக் குறுக்கே போனால், வெடிக்கும்போது வயரையும் மவுன்ட்டையும் முகத்தில் அடிக்கும். தூணின் உறையைக் கழற்றி, ஏர்பேக்குக்குப் பின்னால் கம்பெனி வயர்க்கட்டு போகும் வழியே அதனோடு சேர்த்து ஜிப் டை போடுங்கள். உறையைப் பிடிக்கும் கிளிப்புகளில் சில ஒருமுறைக்குத்தான் உதவும், விரிந்துபோயிருந்தால் புதிதாகப் போட வேண்டும்.

ஃப்யூஸ். எந்த வகை என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மினியும் லோ புரொஃபைல் மினியும் மேலே பார்த்தால் ஒன்றுபோல இருக்கும், கால் நீளம்தான் வேறு. மைக்ரோ2 வேறு வகை. ஒன்றைப் பிடுங்கிக் கடைக்கு எடுத்துப் போய் அதற்குப் பொருந்தும் டேப் வாங்குங்கள். பொருந்தாததைத் திணித்தால் பாக்ஸின் உள் பிடி விரிந்துவிடும், அப்புறம் அந்த ஃப்யூஸ் ஆடிக்கொண்டே இருக்கும்.

எடுக்க வேண்டிய ஃப்யூஸ், சாவி போட்டால் 12 வோல்ட், எடுத்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். பவர் அவுட்லெட், ஆடியோ ஏசிசி மாதிரி. ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப் ஃப்யூஸ்களில் கை வைக்கவே வேண்டாம்.

டேப்பை எந்தப் பக்கமாகச் செருகுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுவது. திருப்பிச் செருகினாலும் டிடெக்டர் ஓடும், அதனால் தப்பு தெரியாது. ஆனால் அப்போது உங்கள் கரண்டும் பழைய ஃப்யூஸ் வழியாகவே போகும். சோதனை எளிது: டேப்பில் 2 ஆம்பியர் ஃப்யூஸை மட்டும் போட்டு, பழைய ஃப்யூஸ் இடத்தைக் காலியாக விட்டுச் செருகி, சாவி போட்டுச் சிவப்பு வயரில் அளந்து பாருங்கள். 12 வந்தால் சரி. வராவிட்டால் எடுத்துத் திருப்பிச் செருகுங்கள். பிறகு பழைய ஃப்யூஸை அதன் இடத்தில் போடுங்கள்.

கறுப்பு வயரை வண்டிச் சட்டத்தில் இறங்கும் போல்ட்டில், ரிங் டெர்மினலோடு. பெயின்ட் மேல் வைத்தால் பிடிக்காது. போல்ட்டுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே 1 ஓமுக்குள் இருக்கிறதா பாருங்கள். சீட் பெல்ட் போல்ட், ஏர்பேக் மாட்டிய போல்ட் வேண்டாம். மிச்ச வயரைச் சுருட்டிப் பெடலுக்கு எட்டாமல் கட்டுங்கள்.

எடிசன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஆர்4 வாங்கி, பன்னிரண்டு வோல்ட் அண்ணன் சொன்ன மாதிரியே மாட்டியாச்சு. இரண்டு சந்தேகம். வண்டியை அணைத்த பிறகும் டிடெக்டர் கொஞ்ச நேரம் ஓடுகிறது. ஹைவேயில் சில நேரம் கே பேண்ட் நிற்காமல் ஒரே அளவில் கத்திக்கொண்டே வருகிறது.

பன்னிரண்டு_வோல்ட்:

முதலாவது: சில சர்க்யூட்டில் வண்டியை அணைத்தாலும் கதவு திறக்கும் வரையோ, சில நிமிஷமோ கரண்ட் இருக்கும். கதவைப் பூட்டி அரை மணி கழித்துப் பாருங்கள். அணைந்திருந்தால் விடுங்கள். அப்போதும் ஓடினால் எப்போதும் கரண்ட் உள்ள ஃப்யூஸில் போட்டிருக்கிறீர்கள், மாற்றியே ஆக வேண்டும், இல்லையென்றால் பேட்டரி காலி.

கேஏ_பேண்ட்:

இரண்டாவது: போலீஸ் சிக்னல் நெருங்க நெருங்க ஏறும், தாண்டியதும் சட்டென்று விழும். ஒரே அளவில் கூடவே வந்தால் பக்கத்து லேனில் போகிற வண்டியின் பிளைண்ட் ஸ்பாட் சென்சார். அவரை முன்னால் போகவிடுங்கள், நிற்கும். எல்லா நேரமும், ரோடு காலியாக இருக்கும்போதும் வந்தால் உங்கள் டாஷ்கேமைப் பிடுங்கிப் பாருங்கள், டிடெக்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தால் அதுவும் தொல்லை தரும்.

மெனுவில் கே ஃபில்டர் ஆன், கேஏ ஃபில்டர் ஆன், பாப் (கண நேரத் துடிப்பு ரேடாரைத் தேடும் செட்டிங்) ஆஃப். ஊருக்குள் சிட்டி, வெளியே ஹைவே. எம்ஆர்சிடி என்று ஒன்று இருக்கும், நியூயார்க் நகரத்துக் கேமராக்களைப் பிடிக்க. அங்கே போகாத நாளில் அணைத்து வையுங்கள், அதைப் போட்டால் பொய் அலாரம் கூடும். குறைந்த வேகத்தில் வாயை மூடும் செட்டிங்கையும் 20 மைலுக்கு வையுங்கள், கடை வாசல் சத்தம் ஒழியும். அதே கதவு தினமும் கத்தினால் மியூட் மெமரியில் பதிந்துவிடலாம். கேஏ அலாரத்தை மட்டும் எந்த இடத்திலும் பதியாதீர்கள்.

எடிசன்வாசி:

பக்கத்து லேன் வண்டிதான், அது போனதும் நின்றுவிட்டது. அடுத்த பயணத்துக்கு மேரிலாந்து ஹவுஸில் கழற்ற ஃபோனில் அலாரம் போட்டு வைத்திருக்கிறேன்.

மைல்கல்:

கழற்றும்போது சக்ஷன் கப் மவுன்ட்டையும் சேர்த்துக் கழற்றுங்கள். தொங்கும் வயர் முனையைக் கூரைத் துணிக்குள் தள்ளிவிடுங்கள். கண்ணாடியில் கப் ஒட்டியிருந்த வட்டத்தையும் துடைத்துவிடுங்கள்.