டபுள் சைடு போர்டில் கை சுட்ட அனுபவங்கள்

சக்கர்பம்ப்: இருபக்கமும் செம்பு டிராக் (மின்பாதை) உள்ள பவர் சப்ளை போர்டு, 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். கீழே ஈயத்தை உறிஞ்சியாச்சு, கால் லேசா ஆடுது. இழுத்ததும் காலோடு செம்பு நிறத்தில் குட்டிக் குழாய் ஒன்றும் வந்துவிட்டது. அது ஓட்டையின் உள்சுவர்ப் பூச்சு, 25 மைக்ரான்தான் இருக்கும். மேல் டிராக்கையும் கீழ் டிராக்கையும் இணைப்பதே அதுதான். புதுக் கெப்பாசிட்டரைக் கீழே மட்டும் பற்றவைத்தால் ஜாயின்ட் பளபளக்கும், போர்டு செத்தே கிடக்கும். இதை எப்படிச் சரிசெய்வது?

மல்டிமீட்டர்மாமா: கால் ஆடினால் கழன்றுவிட்டது என்று யார் சொன்னது? கிரவுண்டு காலில் அகலமான செம்புத் தளம் சூட்டை இழுத்துக்கொள்ளும். நுனி ஈயம் உருகும், 1.6 மி.மீ. ஓட்டையின் மேல்பாதியில் இறுகியே இருக்கும். முதலில் புது ஈயம் சேருங்கள், அயர்னுக்கு அகல டிப் போடுங்கள், மறுபக்கமும் உருகியதைப் பார்த்துவிட்டு உறிஞ்சுங்கள்.

சக்கர்பம்ப்: போனதைக் கேட்டால் போகாமலிருக்க வழி சொல்கிறீர்கள்!

தகரக்கம்பி: போனதற்கு: மேல் டிராக்கில் 2 மி.மீ. பச்சைப் பூச்சைச் சுரண்டுங்கள். மெல்லிய ஈயம் பூசிய கம்பியை ஓட்டைவழி விட்டு, மேலே டிராக் மீது மடித்துப் பற்றவையுங்கள். பிறகு கெப்பாசிட்டர். மீட்டரில் இணைப்பு பார்க்கும் பீப் சோதனையை பேடில் (கால் பற்றவைக்கும் செம்பு வட்டத்தில்) செய்யாதீர்கள், அந்த டிராக் போய்ச் சேரும் அடுத்த பாகத்தின் காலில் செய்யுங்கள்.

வயாவைரி: பிய்ந்தது கண்ணுக்குத் தெரியும். விரிசல் தெரியாது. எஃப்.ஆர்.4 எனும் கண்ணாடியிழைப் போர்டு தடிமன் வாக்கில் செம்பைவிடப் பல மடங்கு விரியும், அதனால் வயாவின் (இரு பக்க டிராக்கையும் இணைக்கும் ஓட்டையின்) சுவர் நடுவில் கீறும். குளிர்ந்திருக்கும்போது பீப் அடிக்கும், சூடானால் போர்டு நிற்கும். ஹாட் ஏரால் (சூடான காற்றால்) போர்டைச் சூடாக்கும்போதே மீட்டர் வைத்தால்தான் பிடிபடும்.

குளோரைடுகை: வீட்டில் எட்ச் செய்பவர்களுக்கும் (வேண்டாத செம்பை ரசாயனத்தில் கரைத்து போர்டு செய்பவர்களுக்கும்) சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நமக்கு ஓட்டைக்குள் பூச்சே கிடையாது, ஒவ்வொரு வயாவிலும் கம்பி விட்டு இருபக்கமும் பற்றவைக்கணும். வயாவை ஐசிக்கு அடியில் வைக்காதீர்கள், கம்பி முண்டு ஐசியை உட்காரவிடாது. சாதா ஐசி சாக்கெட்டுக்கு மேல்பக்க டிராக் கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக் மறைப்பதால் அயர்ன் நுழையாது. லேசர் பிரிண்டைச் சூட்டில் செம்பின் மேல் ஒட்டவைக்கும் டோனர் முறையில் மேல் அடுக்கை மட்டும் கண்ணாடிப் பிம்பமாக பிரிண்ட் எடுங்கள், கீழ் அடுக்கை அப்படியே. இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பிடித்து, மூலை பேடுகளை ஊசியால் குத்திப் பொருத்தி, மூன்று ஓரம் ஒட்டிப் பை மாதிரி ஆக்கி, போர்டை உள்ளே செருகுங்கள். அரை மி.மீ. நகர்ந்தாலும் டிரில் ஒரு பக்க பேடைத் தின்றுவிடும்.

சக்கர்பம்ப்: தகரக்கம்பி, மேல் டிராக் கெப்பாசிட்டருக்கு அடியிலேயே போனால் எங்கே சுரண்டுவது?

தகரக்கம்பி: அங்கேயேதான். கெப்பாசிட்டரை 2 மி.மீ. தூக்கி நிறுத்துங்கள், கம்பி முண்டுக்கு இடம் கிடைக்கும்.