பீட்டர் அண்ட் கார்டனின் ‘எ வேர்ல்ட் வித்அவுட் லவ்’: வாசித்தவர்கள், பாடியவர்கள், தட்டு தேடியவர்கள்

பீட்டர் ஆஷர், கார்டன் வாலர் என்ற பிரிட்டிஷ் ஜோடி 1964-இல் பாடிய இந்தப் பாட்டைக் கிட்டாரில் எடுப்பவர்கள் தடுமாறும் இடம் எப்போதும் ஒன்றுதான்: நடுவில் வரும் ஏ மைனர் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு. பாட்டு இ மேஜரில் ஓடுகிறது. இ, ஜி ஷார்ப் 7, சி ஷார்ப் மைனர், திரும்ப இ, பிறகு ஏ மைனர், இ. முடிக்கும்போது எஃப் ஷார்ப் மைனர், பி 7, இ. பழகிய கை ஏ மேஜருக்குத்தான் போகும். போனால் பாட்டின் ஏக்கம் அங்கேயே கரைந்துவிடும்.

நம் காதுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இ-யை ஷட்ஜமாக வையுங்கள். ஜி ஷார்ப் 7-க்குள் சுத்த தைவதம் இருக்கிறது. சி ஷார்ப் மைனரில் அது சதுஸ்ருதி தைவதமாக ஏறுகிறது. ஏ மைனர் வந்ததும் மறுபடி சுத்த தைவதத்துக்கு இறங்குகிறது. தனிமையைப் பற்றிப் பாடும் வரிக்கு அடியில் இந்த ஏற்ற இறக்கம் நடப்பதால்தான் மனசு பிசைகிறது. நடுப்பகுதியும் ஏ மைனரில்தான் தொடங்கும், அதையும் மேஜராக்கிவிடாதீர்கள்.

விரல் விஷயம்: ஜி ஷார்ப் 7-ஐ நாலாவது ஃப்ரெட்டில் இ 7 வடிவ பார் கார்டாக, ஆள்காட்டி விரலைத் தந்திகள் மீது குறுக்காக அழுத்திப் பிடியுங்கள். அடுத்து வரும் சி ஷார்ப் மைனருக்கும் அதே நாலாவது ஃப்ரெட்தான், ஏ மைனர் வடிவம். ஆள்காட்டி விரல் நகரவே வேண்டாம், மற்ற விரல்கள் மாறினால் போதும். இரண்டுக்கும் நடுவில் கையைத் தூக்குவதால்தான் தாளம் அறுந்துபோகிறது.

*

பன்னிரண்டு தந்தி கிட்டாரில் முயல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த பார் கார்டுகள் அதில் விரலை முறித்துவிடும். எல்லாத் தந்திகளையும் அரை சுரம் இறக்கி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டுக்கொள்ளுங்கள். சுருதி அதேதான், கழுத்தின் மீது இழுவிசை மட்டும் குறையும். ஜி தந்தி ஜோடியில் மேல் ஸ்தாயிக்குச் சுருதி சேர்க்கும் மெல்லிய தந்திதான் முதலில் அறும். உபரியாக ஒன்று பையில் இருக்கட்டும்.

*

ஜோடியாகப் பாடுபவர்களுக்கு: கார்டன் வாலரின் கனத்த குரல் கீழே, பீட்டர் ஆஷரின் மெல்லிய குரல் மேலே. மேல்குரல் இயல்பாகவே துருத்திக்கொண்டு கேட்கும். ஒரே மைக் என்றால் மேல்குரல்காரர் அரை அடி பின்னால் நிற்கட்டும். ஏ மைனர் இடத்தில் ஒருவர் சி ஷார்ப் பக்கம் நழுவினாலும் கிட்டாரோடு உரசும். ஸ்ருதிப் பெட்டியை மட்டும் வைத்து இருவரும் தனித்தனியாக அந்த வரியைப் பாடிப் பார்த்துவிட்டுச் சேருங்கள். வரியின் கடைசி மெய்யெழுத்தை இருவரும் ஒரே நொடியில் முடிக்க வேண்டும். பதிவில் இரண்டு குரல் ஒன்றாகக் கேட்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இ எட்டவில்லை என்றால் டி-க்கு இறக்கலாம்: டி, எஃப் ஷார்ப் 7, பி மைனர், டி, ஜி மைனர், டி, பிறகு இ மைனர், ஏ 7, டி. ஜி மைனரை விட்டுவிடாதீர்கள், மேலே ஏ மைனர் செய்த வேலையை இங்கே அதுதான் செய்கிறது.

*

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சேர்க்கிறேன். பீட்டரும் கார்டனும் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் சேர்ந்து படித்தவர்கள். பீட்டரின் தங்கை ஜேனைக் காதலித்த பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி, விம்போல் தெருவில் இருந்த ஆஷர் குடும்ப வீட்டிலேயே தங்கியிருந்தார். பதினாறு வயது வாக்கில் மெக்கார்ட்னி எழுதிய பாட்டு இது. தன்னை எங்காவது பூட்டிவைக்கச் சொல்லித் தொடங்கும் முதல் வரி குழுவின் ஜான் லெனனுக்கு வேடிக்கையாகப் பட்டது, பீட்டில்ஸ் எடுக்கவில்லை. பாடகர் பில்லி ஜே. கிராமரும் வேண்டாம் என்றார். பீட்டர் கேட்ட பிறகுதான் நடுப்பகுதியை மெக்கார்ட்னி எழுதி முடித்தார். அந்த ஏ மைனர் தொடக்கம் அப்படி வந்ததுதான். 1964 ஏப்ரலில் பிரிட்டனில் முதலிடம். அங்கிருந்து இறங்கியது பீட்டில்ஸின் ‘கான்ட் பை மீ லவ்’. ஜூனில் அமெரிக்காவிலும் முதலிடம். பதிவில் கிட்டார் வாசித்தவர் விக் ஃப்ளிக், ஜேம்ஸ் பாண்ட் இசையில் ஒலிக்கும் அதே கிட்டார்க்காரர்.

*

பழைய இசைத்தட்டு வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது: பிரிட்டிஷ் 45-இன் (நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சிறு தட்டு) எண் கொலம்பியா நிறுவனத்தின் டிபி 7225, கருப்பு லேபிள், வெள்ளி எழுத்து. நடுவில் தள்ளி எடுக்கக்கூடிய வளையம் அப்படியே இருந்தால் விலை கூடும், ஜூக்பாக்ஸுக்காகப் பிடுங்கியிருந்தால் குறையும். லேபிளை ஒட்டிய வழவழப்பான பகுதியில் 7எக்ஸ்சிஏ என்று தொடங்கும் மேட்ரிக்ஸ் எண் (பதிவை அடையாளம் காட்டும் எண்) இருக்கும். அதை அடியில் வைத்துப் பார்த்தால் வலப்பக்கம் ஸ்டாம்பர் எழுத்துகள், அதாவது தட்டை அச்சிட்ட உலோக அச்சின் வரிசை எண்ணை எழுத்தாகக் காட்டுபவை. ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3. எழுத்து குறைவாக இருந்தால் ஆரம்ப அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்க அச்சு கேபிடல் 5175. துளை பெரிது, அடாப்டர் வேண்டும்.

மோனோ தட்டு இது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசி பொருத்திய பகுதி) கேட்டால் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டனை அழுத்துங்கள். ஊசியின் செங்குத்து அசைவில் வரும் கரகரப்பு போய்விடும், ஆர்கன் தனியாக ஒலிக்கும் பகுதி துல்லியமாகக் கேட்கும்.