எச்.பி.எஸ்.ஏஜி. பாசிட்டிவ் என்று வந்த தம்பிக்குக் கீழாநெல்லி போதுமா?

ஏரிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 27. சென்ற மாதம் முகாம் ஒன்றில் இரத்ததானம் செய்தான். சில நாள் கழித்து இரத்த வங்கியிலிருந்து அழைத்து, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி இரத்தத்தில் இருப்பதைக் காட்டும் எச்.பி.எஸ்.ஏஜி. பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்திருப்பதால் மருத்துவரைப் பார்க்கும்படி சொன்னார்கள். அவனுக்குக் காமாலையோ பசியின்மையோ எதுவும் இல்லை. செய்தி தெரிந்த நாள் முதல் எங்கள் அப்பத்தா விடியற்காலையில் வரப்பில் கீழாநெல்லி பறித்து வந்து, மண் போக வேரோடு அலசி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கரைத்துக் கொடுக்கிறார். உப்பில்லாப் பத்தியமும் உண்டு. அப்பாவுக்குக் காமாலை வந்தபோது இதே மருந்தில் மூன்று வாரத்தில் கண்ணில் மஞ்சள் இறங்கியதை நானே சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இந்தச் செடி ஹெபடைட்டிஸ் பி கிருமியை அழிக்கும் என்று சென்னையிலேயே ஆராய்ந்து நிரூபித்ததாகவும் படித்தேன். அது உண்மையா? ஒரு மண்டலம் முடியும்வரை மருத்துவரிடம் வர மாட்டேன் என்கிறான் தம்பி.

பூவரசு:

ஆராய்ச்சி நடந்தது உண்மை. நிரூபணம் ஆனது என்பது உண்மையன்று. ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்குடன் இணைந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. கிருமியைச் சுமந்திருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்து, மருந்து நிறுத்திய 15 முதல் 20 நாளுக்குள் சோதித்தபோது, 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் எச்.பி.எஸ்.ஏஜி. என்னும் அந்தக் கிருமியின் ஆன்டிஜென் காணப்படவில்லை. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி மறைந்திருந்தது. நாள்பட்ட தொற்றில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குத்தான் இது தானாக மறையும் என்பதால், அந்த முடிவு உலகம் முழுவதும் பெரும் நம்பிக்கையை எழுப்பியது. ஆனால் அந்த ஆய்வாளர்களே அதைத் தொடக்கநிலை ஆய்வு என்றுதான் குறிப்பிட்டிருந்தார்கள்.

அடுத்து நடந்ததை நீங்கள் படித்த கட்டுரை சொல்லாமல் விட்டிருக்கும். 1990-இல் தாய்லாந்திலும் 1994-இல் நியூசிலாந்திலும் இதே செடியைக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லி அடங்கிய ஃபில்லாந்தஸ் இனச் செடிகளைப் பற்றிய 16 ஆய்வுகளைத் திரட்டி, மருத்துவச் சான்றுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2011-இல் வெளியிட்ட மதிப்பாய்வும், வெற்று மருந்தைவிட இது மேலானது என்று நம்பத் தக்க சான்று இல்லை என்றே முடித்தது.

அப்படியானால் உங்கள் அப்பா எப்படிக் குணமானார் என்று கேட்பீர்கள். காமாலை ஒரு நோயின் பெயரன்று, பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. நம் ஊர்களில் வரும் காமாலையில் பெரும்பகுதி அசுத்தமான குடிநீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ கிருமிகளால் வருவது. 1955-56-இல் டெல்லியில் சாக்கடை கலந்த குடிநீரால் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டதே, அதுவும் ஈ வகைதான். இவ்வகைத் தொற்றைப் பெரும்பாலோரின் உடல் சில வாரங்களில் தானே வென்றுவிடுகிறது. குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கு ஈ வகை உயிராபத்தாக முடிவதுண்டு. தானே இறங்கும் மஞ்சளுக்கு, அந்த வாரங்களில் எதைக் குடித்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேர்கிறது. அப்பத்தா கண்டது பொய்யன்று. மருந்து குடிக்காத இன்னோர் ஆளை அருகில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பி வகையின் போக்கு வேறு. வளர்ந்த வயதில் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அதை வென்றுவிடுவார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினாலோ பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும். கல்லீரல் உயிரணுவின் கருவுக்குள் தன் மரபுப் பிரதியைப் பதுக்கி வைத்துக்கொள்ளும் அந்தக் கிருமி, வலியோ மஞ்சளோ காட்டாமல் பல ஆண்டுகள் கழித்துச் சிர்ரோசிஸ் என்னும் கல்லீரல் சுருக்கத்திலோ புற்றுநோயிலோ கொண்டுபோய் நிறுத்தக்கூடும். அறிகுறி இல்லை என்பதை வைத்துத் தம்பி நாள் கடத்துவதுதான் எனக்குக் கவலையளிக்கிறது.

வெள்ளாறு:

பூவரசு அவர்கள் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஒரே செடியானாலும் மண்ணையும் பறிக்கும் பருவத்தையும் பொறுத்து அதன் சத்து மாறும். தாய்லாந்துச் செடியும் சென்னையில் பயன்படுத்திய செடியும் ஒன்றேதான் என்று சொல்லிவிட முடியாது. கீழாநெல்லிச் சாறு இந்தக் கிருமி பெருகத் தேவையான பாலிமரேஸ் நொதியைத் தடுப்பதாக 1987-இல் ஆய்வகத்தில் கண்டதும் மறுக்கப்படவில்லை. மரபு மருத்துவத்தை இப்படி ஒரேயடியாக ஒதுக்கிவிடுவது முறையா?

பூவரசு:

நியாயமான கேள்வி. நானும் ஒதுக்கவில்லை, அதை முறையான சோதனைக்குக் கொண்டுவந்ததே நம் ஊர் ஆய்வாளர்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் சோதனைக் குழாயில் நொதியைத் தடுப்பது வேறு, மனிதக் கல்லீரலில் கிருமியை அடக்குவது வேறு. இடத்துக்கு இடம் சத்து மாறும் என்றால், அப்பத்தா பறித்த வரப்புச் செடியில் அது எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் யார் அளந்தார்கள்? டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் கிருமியின் எண்ணிக்கையைக் குறைப்பது ஆயிரக்கணக்கானோரிடம் உறுதியாகியிருக்கிறது. 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மணல்மேடு:

நான் அந்தக் கிருமியோடு ஒன்பது ஆண்டுகளாக வாழ்பவள். முதல் பிரசவத்துக்கு முந்தைய பரிசோதனையில்தான் தெரிந்தது. தெரிந்த அன்றே புகுந்த வீட்டில் என் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார்கள். சேர்ந்து உண்பதால் இது பரவாது என்று மருத்துவர் அவர்களை அழைத்துச் சொன்ன பிறகே அது நின்றது. மகள் பிறந்த சில மணி நேரத்தில், ஒரு தொடையில் தடுப்பூசியும் மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்பொருளும் போட்டார்கள். ஒரு வயதில் சோதித்தபோது அவளுக்குக் கிருமி இல்லை. அந்தத் தாளை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தைவானில் 1984-இல் பிறந்த குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைத் தொடங்கிய பின், 6 முதல் 14 வயதுச் சிறுவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று என் மருத்துவர் சொன்னபோது அழுதுவிட்டேன்.

ஏரிக்கரை ஐயா, தம்பியை மட்டும் அழைத்துப் போகாதீர்கள். உங்கள் தாயாரையும் உங்களையும் சேர்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள். தொற்று இல்லாதவர்கள் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். தம்பியின் சவரக் கத்தியையும் பல் துலக்கியையும் வேறு யாரும் தொட வேண்டாம். எனக்கு இன்னும் மாத்திரை தேவைப்படவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் தவறாமல் செய்துகொள்கிறேன்.

ஏரிக்கரை:

மூவருக்கும் நன்றி. அப்பாவுக்கு வந்தது வேறு காமாலை என்று அப்பத்தாவிடம் பொறுமையாகச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ என் இரத்தத்தையும் பார்க்கச் சொல்லு" என்றார். அவர் வருகிறார் என்றதும் தம்பியும் இசைந்துவிட்டான். திங்கட்கிழமை ஐந்து பேரும் போகிறோம். வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

பூவரசு:

எச்.பி.எஸ்.ஏஜி. பரிசோதனைக்குத் தேவையில்லை. தம்பிக்கு அன்றே வயிற்று ஸ்கேன் எடுக்கக்கூடும் என்பதால் அவர் மட்டும் காலை உணவைத் தவிர்க்கட்டும். இரத்த வங்கி தந்த தாள் ஏதேனும் இருந்தால் உடன் கொண்டுபோங்கள். கீழாநெல்லி குடித்து வருவதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.