பழைய ஹைலக்ஸுக்கு நாங்களே றொக் ஸ்லைடர் அடிக்கலாமோ? கையில 40,000 ரூபாய்தான் இருக்கு

முத்தையன்கட்டான்:
அண்ணைமாருக்கு வணக்கம். என்னட்ட இருக்கிறது எல்என்106 மொடல் ஹைலக்ஸ் பிக்கப், டபிள் கப், 2.8 டீசல், முன்னுக்கும் வில்லுத்தகடு. முத்தையன்கட்டு வலதுகரைப் பக்கம் எங்கட வயல். குளத்துக்குப் பின்னால போற காட்டுப்பாதையில இலுக்கம்புல்லுக்குள்ள மறைஞ்சு கிடக்கிற பாலைமர அடிக்கட்டையள்தான் பெரிய தொல்லை. போன காலபோகத்துக்கு உரம் ஏத்திக்கொண்டு போகேக்க வண்டி களியில சறுக்கி ஒரு கட்டையில இருந்திட்டுது. சாரதிப் பக்கம் கதவுக்குக் கீழ ஓடுற மடிச்ச தகடு உள்ளுக்குப் போனதில பின்கதவு இண்டைக்கும் திறக்கேலாது.

றொக் ஸ்லைடர் எண்டது கதவடியில கட்டை இடிக்காமல் சேசியில, அதாவது வண்டியின்ர அடிச்சட்டத்தில பூட்டுற இரும்புக் குழாய். கொழும்பில செய்து விக்கிற சோடி எனக்குக் கட்டாது. வீட்டில பழைய தண்ணித்தாங்கி நிண்ட 2 அங்குல ஜிஐ குழாய் ஒரு முழு நீளம் கிடக்கு. ஃபுட்போட் பூட்டின ஓட்டையளிலயே அதை பூட்டலாம் எண்டு மாமா சொல்லுறார். அது தாங்குமோ?

மாங்குளத்தான்:
தம்பி, ஃபுட்போட் ஓட்டையில பூட்டாதையும். அது ஆள் மிதிச்சு ஏறுறதுக்கு. வண்டியின்ர பாரம் அதில வந்தால் குழாயோட சேர்ந்து தகடும் மடியும், பிறகு முன்கதவும் திறக்காது. புதுக்குடியிருப்பு அண்ணை பாத்தால் விவரமாச் சொல்லுவார்.

பட்டறைக்காரன், புதுக்குடியிருப்பு:
தம்பி, நான் 20 வருசமா ட்ரெயிலரும் லான்ட்மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியும் அடிக்கிறன். ஸ்லைடர் எண்டால் எல்லாரும் குழாயைப் பற்றித்தான் கேக்கினம். உண்மையில பாரத்தை வாங்குறது குழாயைச் சேசியோட பிடிக்கிற கால். கால் சேசியில எப்பிடி இருக்கிறதெண்டதுதான் முழு வேலையும். 2014இல என்ர சொந்தப் பிக்கப்புக்கு நல்ல தடிச்ச குழாய் போட்டு, மூண்டு காலை நேரா சேசியில வெல்டிங்கால ஒட்டினன். நெடுங்கேணிப் பக்கம் ஒரு கட்டையில ஏறி இறங்கேக்க குழாய்க்கு ஒண்டும் நடக்கேல்ல. நடுக்கால் சேசியின்ர பக்கத்தைக் கிழிச்சுக்கொண்டு உள்ள போட்டுது. அந்தச் சேசியைப் பழுதுபாக்க எனக்கு ரெண்டு கிழமை போச்சு.

அதால காலுக்கும் சேசிக்கும் இடையில கட்டாயம் தகடு வேணும். 6 மில்லிமீற்றர் தகட்டில, மூலைக்கு மூலை சேசியின்ர பக்க உயரத்துக்குள்ள அடங்கிற சதுரமா வெட்டி, நாலு மூலையையும் வட்டமா அரவும். அதைச் சேசியின்ர பக்கவாட்டு முகத்தில மட்டும் ஒட்டவேணும், மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் போகப்படாது. சேசிக்குக் குறுக்கால நிமிர்ந்த கோடா வெல்டிங் ஓட்டாதையும். சேசி முறுகிற நேரம் வெடிப்பு அந்தக் கோட்டாலதான் தொடங்கும். தகட்டை சாய்சதுரமாத் திருப்பி வைச்சு ஒட்டினால் நிமிர்ந்த கோடே வராது. பக்கத்துக்கு நாலு கால், 50க்கு 50 பொக்ஸ் பார், 4 மில்லிமீற்றர் தடிப்பு. ஒவ்வொரு காலுக்கும் கீழ முக்கோண மூலைத்தகடு ஒண்டு.

உம்மட குழாயைப் பற்றி. கடையில 2 அங்குலம் எண்டு தாற குழாய் வெளிப்பக்கம் 60.3 மில்லிமீற்றர் வரும், ஆனால் தடிப்பு ஆளுக்காள் வித்தியாசம். சரியா ஒரு மீற்றர் வெட்டி நெல்லு நிறுக்கிற தராசில வையும். 5 கிலோ காட்டினால் தடிப்பு 3.6, தாராளமாப் பாவிக்கலாம். 3 கிலோதான் எண்டால் தடிப்பு 2 மில்லிமீற்றர், அது பந்தலுக்குத்தான் சரி.

ஜிஐ குழாயில இருக்கிறது நாகப்பூச்சு. ஒட்டுற இடத்தில ரெண்டு பக்கமும் 2 அங்குலத்துக்கு இரும்பு தெரியுமட்டும் கிரைண்டரால எடுத்துப்போட்டு, வெளியில காத்துப் படுற இடத்தில வைச்சு ஒட்டும். அந்த வெள்ளைப் புகையைக் குடிச்சால் இரவைக்குக் குளிரும் காய்ச்சலும் தூக்கி அடிக்கும். முந்தி எங்கட பக்கம் மலேரியா வந்தவைக்கு அந்த நடுக்கம் தெரியும். ஒட்டி மூடுற குழாயில சின்ன ஓட்டை ஒண்டு விடும், உள்ள காத்துச் சூடேறி அடைபட்டு நிக்கப்படாது.

குழாய் போதாமல் பழைய இரும்புக் கடைக்குப் போறதெண்டால் ஒண்டை மட்டும் கேளும். ரெண்டு பக்கமும் மூடின குழாய், என்னெண்டு தெரியாத உருளை எதையும் வாங்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். 2009க்குப் பிறகு எங்கட மண்ணில இருந்து என்னென்ன கிளம்பினதெண்டு உமக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முத்தையன்கட்டான்:
அண்ணை, நிறுத்துப் பாத்தன், 4 கிலோ 900 கிராம். பெரிய சந்தோசம். சில்லுக்கும் சில்லுக்கும் இடையில 1.7 மீற்றர் பிடிக்கலாம் போல, ரெண்டு பக்கத்துக்கும் இந்தக் குழாயே காணும். கால் நேர் மட்டமா வாறதோ, சரிவாவோ? கதவடித் தகட்டுக்கு எவ்வளவு கிட்டக் குழாய் வரலாம்?

பட்டறைக்காரன், புதுக்குடியிருப்பு:
சரிவா. ஒரு அடி வெளிய வரேக்க 3 அங்குலம் மேல எழும்பவேணும். அப்பதான் கட்டையில உரசேக்க வண்டி அதை விட்டு வெளியால தள்ளுப்படும். மட்டமா இருந்தால் குழாய் கட்டையைக் கொழுவிப் பிடிச்சுக்கொள்ளும். குழாயின்ர அடி சேசியின்ர அடிக்குக் கீழ இறங்கப்படாது, இறங்கினால் உம்மட நில உயரத்தை நீரே குறைக்கிறீர். மேல, கதவடித் தகட்டுக்கும் குழாய்க்கும் 1 அங்குலம் இடைவெளி கட்டாயம். வண்டியின்ர பொடி (மேல்கூடு) சேசிக்கு மேல ரப்பர்க் கட்டையில இருக்கு, பள்ளத்தில சேசி முறுகேக்க ரெண்டும் வேற வேறயா அசையும். அந்த ரப்பர் இருக்கிற இடத்தில கால் வைக்கவும் வேண்டாம்.

ஒட்ட முதல் பற்றறியின்ர ரெண்டு முனையையும் கழட்டும். வெல்டிங் மெசினின்ர எர்த் கிளிப்பை ஒட்டுற இடத்துக்குப் பக்கத்திலயே துப்பரவான இரும்பில பிடியும், கரண்ட் பெயரிங்குக்குள்ளால போகப்படாது. சேசியின்ர உட்பக்கத்தைக் கையால தடவிப் பாத்து, பிரேக் பைப், டீசல் பைப், வயர் என்ன ஓடுதோ எல்லாத்தையும் விலத்திக் கட்டிப்போட்டுத்தான் தொடங்கவேணும். பக்கத்தில தண்ணி வாளியோட ஒருத்தர் நிக்கட்டும்.

3.2 மில்லிமீற்றர் 6013 வெல்டிங் குச்சி போதும். 7018 திறம்தான், ஆனால் அது ஈரம் இழுக்கும், மாரியில திறந்து கிடந்த பெட்டியை நான் நம்பமாட்டன். ஒரே இழுவையில ஓட்டாமல் அங்க ஒரு அங்குலம், இங்க ஒரு அங்குலமா மாறி மாறிப் போடும், இல்லாட்டி சூட்டில சேசி வளையும்.

மாங்குளத்தான்:
ஒண்டு சேர்க்கிறன். குழாயைப் பொடியின்ர அகலத்துக்கு வெளியால துருத்த விடாதையும். வழியில மறிக்கிறவைக்கும் பதில் சொல்லவேண்டி வரும், சந்தையடியில நடக்கிற சனத்தின்ர முழங்காலிலயும் இடிக்கும்.

முத்தையன்கட்டான்:
மூண்டு கிழமைக்குப் பிறகு எழுதுறன். ரெண்டு பக்கமும் பூட்டியாச்சு, எல்லாம் சேர்த்து 40 கிலோவுக்குக் கிட்ட. பொக்ஸ் பார், தகடு, குச்சி, ரெட் ஒக்சைட், கறுப்புப் பெயின்ற், வெல்டிங் கூலி, மொத்தம் 36,500 ரூபாய். ஜாக்கியைக் குழாயின்ர நடுவில குடுத்து ஒரு பக்கத்து ரெண்டு சில்லையும் நிலத்தில இருந்து கிளப்பிப் பாத்தம். குழாய் அசையேல்ல, முன்கதவு அப்பவும் லேசாத் திறந்து மூடிச்சுது. பேந்து வயலுக்குப் போகேக்க அதே கட்டையில வேணுமெண்டே மெல்ல ஏத்தினன். உரசி வெளியால வந்திட்டுது, பெயின்ற் மட்டும் போயிருக்கு. அம்மா பக்கத்துச் சீற்றில இருந்தவ, ஒண்டும் சொல்லேல்ல, குழாயை இறங்கித் தடவிப் பாத்தவ.

இடதுபக்கம் கடைசிக் காலுக்கு மட்டும் மூலைத்தகடு போட இடம் காணாமல் விட்டிட்டன். அது பறவாயில்லையோ?

பட்டறைக்காரன், புதுக்குடியிருப்பு:
விடாதையும். பின்சில்லுக்குப் பக்கத்துக் காலிலதான் வண்டி இறங்கேக்க முழுப்பாரமும் குத்தும். அட்டையில அந்த மூலையைக் கீறி வெட்டிக்கொண்டு வாரும், ஞாயிற்றுக்கிழமை பட்டறையில நிப்பன். அளவுக்கு வெட்டி ஒட்டித் தாறன், அதுவரைக்கும் அந்தப் பாதையால உரம் ஏத்தவேண்டாம்.