கற்பனை உலகத்தில் ஒரு சூரியக் கோயில்: கருவறைக்குள் வெளிச்சம் எப்படி வரும்?

கேள்வி:
எட்டு மாதமாக ஒரு நாவல் எழுதுகிறேன், முழுக்கக் கற்பனை உலகம். தலைநகரின் நடுவே சூரிய தெய்வத்துக்குப் பெருங்கோயில். ஆயிரம் தூண், பொன் வேய்ந்த விமானம், நாலு திசையிலும் வாசல். படித்துப் பார்த்த தோழி, "கோயில் பெரிசாத்தான் இருக்கு, சூரியனைத்தான் காணோம்" என்றாள். அவள் சொன்னது சரி. மூன்று நாளாக அந்த அத்தியாயத்தைத் தொட மனம் வரவில்லை. யாராவது வழி சொல்லுங்களேன்.

பதில்:
மூன்று வாசலை அடைத்துவிடுங்கள். எல்லாப் பக்கமும் வெளிச்சம் இருந்தால் ஒரு கதிருக்கு என்ன மதிப்பு? எகிப்தின் அபு சிம்பெல் கோயில் மலையைக் குடைந்து சுமார் 60 மீட்டர் உள்ளே போகிறது. கடைசி அறையில் நாலு சிலைகள். பிப்ரவரி 22, அக்டோபர் 22 வாக்கில் உதயக் கதிர் அதுவரை எட்டி மூன்று சிலைகள்மேல் விழும். ப்தா என்ற தெய்வம் மட்டும் நிழலிலேயே இருக்கும். எனக்கு அந்த நாலாவது சிலைதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பதில்:
ஒடிசாவின் கோனார்க் சூரியக் கோயிலையும் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டு. கோயிலையே தேராகச் செய்தார்கள்: 24 சக்கரம், 7 குதிரை. தெற்கு, மேற்கு, வடக்குச் சுவர்களில் மூன்று சூரியச் சிலைகள். உங்கள் கதாநாயகியைப் பிரகாரம் சுற்ற விடுங்கள், ஒவ்வொரு சுவரிலும் பொழுது மாறட்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வருடத்தில் ஒரே நாள் மட்டும் ஒளி விழவேண்டும் என்பது என் ஆசை. நடக்குமா?

முதலில் பதில் சொன்னவர்:
ஒரே நாள் கஷ்டம். சூரியன் உதிக்கும் இடம் அடிவானத்தில் வடக்கே போய்த் தெற்கே திரும்புகிறது. அதனால் நடுவில் எந்தப் புள்ளியையும் வருடத்துக்கு இருமுறை கடக்கும். வாசலைச் சூரியன் திரும்பும் கோடிக்கு நேராக வைத்தால் ஒருமுறைதான், ஆனால் அங்கே சூரியன் நின்று நிதானித்துத் திரும்பும், பல நாள் ஏறக்குறைய ஒரே இடத்தில் உதிக்கும். அப்படியானால் ஒரு நாள் திருவிழாவைப் பல நாள் திருவிழா ஆக்குங்கள். இன்னொன்று, உங்கள் உலகத்தின் அச்சு சாய்ந்திருக்கிறதா? சாயாத உலகமென்றால் தினமும் ஒரே இடத்தில்தான் உதயம். தினமும் கருவறையில் வெளிச்சம் விழும், யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

கேட்டவர்:
அச்சைச் சாய்த்துவிட்டேன்! ஆயிரம் தூணில் பாதியை எடுத்துவிட்டு நீளமான இருட்டு நடை ஒன்று வைக்கிறேன். கடைசியில் இரண்டு சிலைகள், அண்ணனும் தங்கையும். அண்ணன்மேல் ஒளி விழும். தங்கைக்கு விளக்கேற்றுவதற்கென்றே ஒரு கிழவி இருக்கிறாள். அத்தியாயத்தை அவளிடமிருந்து தொடங்குகிறேன்.